எக்ஸ்ரே பிலிம் வெள்ளியால் டோல்கேட் காற்று சுத்தமாகுமா?

தொப்பூரான்:
நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். பழைய எக்ஸ்ரே பிலிமில் வெள்ளியை மீட்டு, டைட்டானியம் டை ஆக்சைடோடு சேர்த்து, கிருஷ்ணகிரி டோல்கேட் சுவரில் பூசினால் லாரிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு காலியாம். வெள்ளியை எதில் கரைப்பீர்கள்? நைட்ரிக் திராவகத்தில். அப்போது கிளம்பும் பழுப்புப் புகை என்ன? அதே நைட்ரஜன் டை ஆக்சைடு!

மாந்தோப்பு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். பிலிமைக் காஸ்டிக் சோடாவில் போட்டால் ஜெலட்டின் கரைந்து வெள்ளி அடியில் தங்கும், திராவகமே வேண்டாம். வெறும் டைட்டானியா, அதாவது அந்த டைட்டானியம் டை ஆக்சைடு, வெளிச்சத்தில்தான் நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரேட்டாக மாற்றும்; அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது 5 சதவீதம் அளவுதான். வெள்ளி இருந்தால் வெளிச்சத்தில் கிளம்பும் எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும், சாதாரண வெளிச்சமும் கொஞ்சம் உதவும். படித்துவிட்டு வாருங்கள்.

தொப்பூரான்:
அடியில் தங்கிய கசடைக் கரண்டியால் அள்ளிப் பூசுவீர்களோ? சில்வர் நைட்ரேட் ஆக்கித்தானே டைட்டானியாவில் ஏற்றுவார்கள்? அதற்கு நைட்ரிக் திராவகம். பழுப்புப் புகை. சேலம் கொலுசுப் பட்டறைப் பக்கம் போய் மூக்கை நீட்டிப் பாருங்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
அண்ணே, அந்தப் புகையைக் காரக் கரைசலில் விட்டுப் பிடிக்கலாம், ஸ்க்ரப்பர் என்று ஒன்று உண்டு. பூச்சுக்குத் தேவையான வெள்ளியும் கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பேசுங்க.

தொப்பூரான்:
கணக்கா? எனக்கா? நீர்த்த திராவகத்தில் 3 வெள்ளி அணு கரைந்தால் 1 நைட்ரிக் ஆக்சைடு வெளியேறும், காற்று பட்டதும் பழுப்பாகும். ஸ்க்ரப்பர் வைத்த பட்டறை ஒன்றைக் காட்டுங்க தம்பி, அப்புறம் பேசலாம்.

கல்குவாரி ஓரம்:
இங்கே மூச்சு முட்டுவது குவாரித் தூசியால். கல் தூசியை எந்த வினையூக்கியும் சிதைக்காது. பூச்சின் மேல் படிந்தால் வெளிச்சமும் படாது. பூச்சில் சேரும் நைட்ரேட்டைக் கழுவ மழையும் வேண்டும். நம்ம ஊர் மழையை நம்பியா?

மாந்தோப்பு:
தூசிக்குத் தனியாக ஒரு விவாத இழை தொடங்குங்கள். தர்மபுரிக்காரர் தொப்பூரானுக்கு எங்கள் டோல்கேட் மேல் என்ன திடீர் அக்கறை?

தொப்பூரான்:
2004 வரை ஒரே மாவட்டம்தான் சார். பிரித்ததும் டோல்கேட் உங்கள் தாத்தா சொத்தாகிவிட்டதா? மாங்கூழ் விவாதத்திலும் இப்படித்தான் ஊரைச் சொல்லி நழுவினீர்கள்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
மாங்கூழ் எங்கே வந்தது இதில்?

மாந்தோப்பு:
அவருக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. காஸ்டிக் சோடா என்று எழுதியும் கண்ணில் படவில்லை.

தொப்பூரான்:
காஸ்டிக் சோடாவில் சில்வர் நைட்ரேட் வந்தால் சொல்லுங்கள், சுவருக்கு நானே பூசுகிறேன். பழுப்புப் புகைக்குப் பதில் எங்கே?

கல்குவாரி ஓரம்:
தூசிக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.