மறு: பொதுப் பட்டறையில் வனைகூடம் – பசுங்கலமும் இரு வேக்காடுகளும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மரவேலையும் உலோகவேலையும் முப்பரிமாண அச்சும் நடக்கும் பொதுப் பட்டறையில் மண்வேலைக்கும் ஓர் அறை சேர்த்தால் அதற்கு என்ன பெயரிடுவது என்ற கேள்விக்கு இதுவரை பீங்கான் கூடம், மட்பாண்டக் கூடம், சுடுமண் கூடம் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பீங்கான் என்பது வெண்களிமண்ணால் செய்து உயர்ந்த வெப்பத்தில் சுட்ட ஒரு வகை மட்டுமே. பாண்டம் என்று சொன்னால் கூரை ஓடும் சிற்பமும் வெளியே நின்றுவிடும். சுடுமண் என்ற சொல்லைத் தொல்லியலாரும் சிற்பிகளும் பூச்சில்லாத செம்மண் பொருளுக்கே வழங்கி நிலைபெறச் செய்துவிட்டார்கள். ஆகவே ‘வனைகூடம்’ என்பதை முன்மொழிகிறேன். வனைதல் சக்கரவேலையை மட்டும் குறிக்கும் என்று சிலர் கருதலாம். உருவமைத்தல் என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்பதால், மண்ணைத் திரித்து அடுக்குவதும் பலகையாகத் தட்டி ஒட்டுவதும் அதில் அடங்கும். ‘பகுதி’ என்னாமல் ‘கூடம்’ என்றதற்கும் காரணம் இருக்கிறது: காய்ந்த களிமண் தூளிலுள்ள நுண்ணிய சிலிக்கா ஆண்டுக்கணக்கில் மூச்சோடு சென்றால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தரும், மறுபுறம், மரத்தூள் மண்ணில் கலந்தால் சூளையில் எரிந்து குழி விழும், இரும்புத்தூள் கலந்தால் கரும்புள்ளி தோன்றும். இரு தரப்புக்கும் இடையே சுவரும் கதவும் தேவை. பெயரும் அதைச் சொல்லட்டும்.

இருந்தாலும், அறையின் பெயரைவிட அறைக்குள் கலங்களை அடுக்கி வைக்கும் தட்டுகளின் பெயர்தான் அவசரமானது என்பது என் கருத்து. ஒரே ஆள் வனைந்து, அவரே சுடும் இடத்தில் சொல் இல்லாமலும் வேலை நடக்கும். பலர் வனைந்து வைப்பதை வேறொருவர் சூளையில் அடுக்கும் பொதுப் பட்டறையில், கலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல் ஒன்றே அடுத்தவருக்குத் தெரிவிக்கிறது. நான் பழகிய ஒரு பட்டறையில் சூளைக்கு அருகிலிருந்த தட்டில் ‘காய்ந்தவை’ என்று மட்டும் எழுதியிருந்தது. கையில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தாலே காய்ந்தது என்று நினைத்த ஒருவர், அடி தடித்த கிண்ணம் ஒன்றை அங்கே வைத்தார். மற்றொருவர் அதை நம்பிச் சூளையில் அடுக்கினார். மறுநாள் மூடியைத் திறந்தபோது கிண்ணம் இருந்த இடத்தில் சில்லுகளே கிடந்தன. பக்கத்திலிருந்த என் குவளைகள் இரண்டின் விளிம்பும் உடைந்து, சூளைச் சுவரில் வெப்பக்கம்பி பதிந்த காடிகளுக்குள் துணுக்குகள் சிதறியிருந்தன. அவற்றை ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். உள்ளே தங்கிய நீர் 100 பாகை செல்சியசில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அதற்கு வழியில்லாத மண் வெடிக்கத்தான் செய்யும்.

எனவே உலர்வின் படிகளுக்கு ‘பதம்’ என்ற நம் சொல்லையே கொள்ளலாம். பாதி உலர்ந்த நிலையான லெதர் ஹார்டு என்பதற்குத் தோற்பதம் பொருத்தமே: அந்த நிலையில் மண் வளையாமல் நின்று, தோல்போலக் கத்திக்கு வழிவிடும். போன் டிரை என்பதற்கு ‘எலும்புலர்வு’ என்று வந்த பரிந்துரை தமிழில் எதையும் உணர்த்தவில்லை. ‘முற்றுலர்பதம்’ என்றால் போதும். கன்னத்தில் வைத்தால் குளிராதது முற்றுலர்பதம் என்று தட்டின் மேலேயே விளக்கமும் எழுதலாம், ஏனெனில் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை கலம் கன்னத்துக்குக் குளிர்ச்சியாகவே இருக்கும்.

அடுத்து கிரீன்வேர். இதற்கு ‘சுடாக்கலம்’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பிழையில்லை, ஆனால் புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை. குறுந்தொகை 29-ஆம் பாட்டில் ஔவையார் ‘பெயனீர்க் கேற்ற பசுங்கலம்’ என்கிறார். வள்ளுவரும் 660-ஆம் குறளில் ‘பசுமண் கலத்துள்நீர்’ பெய்து வைப்பதைச் சொல்கிறார். இரண்டு இடத்திலும் உவமையின் உயிர், சுடாத கலம் நீரில் கரைந்துவிடும் என்ற ஒரே உண்மையில் இருக்கிறது. பட்டறைக்கு வேண்டிய வரையறையும் அதுவேதான்! பசுங்கலம் கோணிவிட்டால் தண்ணீர் வாளியில் போட்டு மீண்டும் மண்ணாக்கலாம். ஏறத்தாழ 500 முதல் 600 பாகைக்குள் மண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்த நீரும் வெளியேறிய பிறகு, அது எத்தனை நாள் ஊறினாலும் களிமண்ணாகத் திரும்பாது. சுட்ட துண்டுகளை மீள்மண் வாளியில் போட்டுவிடும் தவறு புதியவர்களிடம் அடிக்கடி நேர்கிறது. பசுங்கலம் என்ற சொல்லின் பொருள் தெரிந்தவர் அதைச் செய்யமாட்டார்.

கூரை ஓடும் சிற்பமும் கலம் ஆகுமா என்ற ஐயம் எழும். அணிகலம், மரக்கலம், படைக்கலம் என்று வழங்கும் மொழியில் கலம் வெறும் பாத்திரமாக ஒருபோதும் சுருங்கியதில்லை.

கண்ணாடிபோன்ற பூச்சு இடுவதற்கு முன் கலத்தை முதல்முறை சுடும் பிஸ்க் என்பதற்கு ‘அரைச்சுடு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. ஏறத்தாழ 1,000 பாகை வரை ஏற்றும் அந்தச் சூடு அரைகுறையானதன்று. மண் இறுகினாலும் நீரை உறிஞ்சும் நுண்துளைகள் எஞ்சியிருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே நிறுத்தும் நிலை அது. செங்கல் சூளைக்காரர்கள் ‘கல் நன்றாக வெந்திருக்கிறது’, ‘வேக்காடு போதவில்லை’ என்கிறார்கள். அதை ஒட்டி முதல் வேக்காடு, பூச்சு வேக்காடு என்று இரண்டையும் பிரிக்கலாம்; சுட்டெடுத்தவை முதல்வேக்காட்டுக் கலம், பூச்சுக்கலம் என்றாகும்.

கிளேஸ் என்பதற்கு மெருகு என்று சொல்வதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. தோற்பதத்தில் வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவதே மெருகிடுதல். அதில் மேலே எதுவும் பூசுவதில்லை. கிளேஸ் என்பதோ சிலிக்காவும் அதை உருகச் செய்யும் பொருள்களும் சேர்ந்து சூளையில் உருகி உறையும் மெல்லிய கண்ணாடிப் படலம். ‘கண்ணாடிப்பூச்சு’ என்று சொன்னால், அடியில் துடைக்காமல் வைத்த கலம் சூளைத் தட்டோடு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது கேட்பவருக்குத் தானே புரியும். நீளமான சொல் என்று தோன்றினால் பேச்சில் பூச்சு என்று சுருங்கட்டும்.

கில்ன் என்பதற்குச் சூளை என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது என்று நம்புகிறேன். ‘மின் உலை’ என்று எழுதியவர் மட்டும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உலோகவேலைப் பகுதியில் ஏற்கெனவே உலை இருக்கும். ‘உலை சூடாக இருக்கிறது’ என்ற அறிவிப்பு எந்தக் கதவுக்கு உரியது என்று யாரும் திகைக்கக் கூடாது. மின்சூளை என்பதே தெளிவு. கழிவுநீரில் மண் தங்கும் தொட்டிக்கு வண்டல்தொட்டி போதும்.

சூளைக்குள் கலங்களோடு வைக்கும் கோன் என்னும் சிறு கூம்பு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது வெப்பநிலையை மட்டும் காட்டுவதில்லை. வெப்பமும் நேரமும் சேர்ந்து செய்த வேலையை வளைந்து காட்டுகிறது. அதனால் ‘வெப்பமானிக் கூம்பு’ சரியாகாது. ‘வேக்காட்டுக் கூம்பு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். சூளையில் அடுக்கிப் பழகியவர்கள் இதைவிடப் பொருத்தமான சொல் வழங்குகிறார்கள் என்றால் எழுதுங்கள். தட்டுகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் முன் சேர்த்துக்கொள்கிறேன்.