அப்பாருக்குக் காய்ச்சலே இல்லை, ஆனாலும் நிமோனியா

கோபி தோட்டத்துக்காரன்:

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிங்க. போன மார்கழியில் எங்க அப்பாருக்கு நடந்தது. அவருக்கு 78 வயது, சர்க்கரை உண்டு, பீடியை விட்டு ஆறு வருடம்தான் ஆகிறது, ஆனாலும் அதுவரைக்கும் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டியது அவர்தான். ஒரு நாள் ராத்திரி சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தார். பொழுது சாயும்போது எழுந்து உட்கார்ந்து, "எருமையைக் கட்டுத்தரையில கட்டியாச்சா கண்ணு"ன்னு என்னைக் கேட்கிறார். எருமையை விற்றுப் பத்து வருடம் ஆச்சு.

காய்ச்சல் இல்லை. இருமலும் பெரிதாக இல்லை. வயசாச்சு, புத்தி தடுமாறுது போல என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நானும் அப்படியே விட்டிருப்பேன், கொரோனா சமயத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் அலமாரியில் கண்ணில் பட்டதால்தான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். 86 காட்டியது. 95க்கு மேல் இருக்க வேண்டியது. அந்த ராத்திரியே ஈரோட்டுக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா, அதாவது நுரையீரலில் கிருமித் தொற்று என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அதில் நாலு நாள் ஐசியூ.

அங்கே டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் வராமலே போகலாம், சாப்பாடு இறங்காதது, சம்பந்தமில்லாமல் பேசுவது, நடக்கும்போது தடுமாறி விழுவது, மூச்சு வேகமாக வாங்குவது, இதெல்லாமே அடையாளம்தான் என்றார். அப்புறம் "நிமோனியா ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். பெரியவர்களுக்கு அப்படி ஒரு ஊசி இருக்கிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. வெள்ளாமைக்கு எந்த மாசம் என்ன மருந்து அடிக்கணும் என்று தெரிந்த எனக்கு, இதை யாரும் சொல்லவும் இல்லை, நானும் கேட்கவும் இல்லை. அப்பாரு பிழைத்து வந்துவிட்டார், ஆனால் தனியாகக் காட்டுக்குப் போகிற தெம்பு திரும்பி வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஆத்தாவுக்கு 73. அடுத்த மாதமே ஊசிக்குக் கூட்டிப் போனேன். "ஊசி போட நான் என்ன கைக்குழந்தையா" என்று வண்டியில் ஏறவே மாட்டேன் என்றது. அப்பாரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியது. நிமோனியா தருகிற ஒரு கிருமியில் 13 வகைகளுக்கான ஊசி இப்போது போட்டிருக்கிறோம், ஒரு வருடம் கழித்து 23 வகைக்கானது போடணும். 20 வகைக்கானது கிடைத்தால் அது ஒன்றே போதும், அடுத்தது தேவையில்லை என்றார் டாக்டர். ஒரு நாள் கை வலித்தது, லேசாக உடம்பு சுட்டது, அவ்வளவுதான்.

திருப்பூர் மருமகள்:

உங்க அப்பாரு திரும்பி வந்ததே சந்தோசமுங்க. எங்க மாமியார் முப்பது வருடம் மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர், வீசிங் உண்டு. அவருக்கு ஊசி போட்டும் அடுத்த வருடம் நிமோனியா வந்தது. "அப்புறம் எதுக்கு ஊசி"ன்னு சொந்தக்காரங்க கேட்டார்கள், எனக்கும் கோபம்தான். நுரையீரல் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நிமோனியா பல கிருமிகளால் வரும், இந்த ஊசி நிமோகாக்கஸ் என்ற ஒன்றுக்கு மட்டும், அதிலும் ஊசியில் இருக்கிற வகைகளுக்கு. நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய 84,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2015ல் வந்திருக்கிறது, ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா 45 சதவீதம் போலக் குறைந்தது, அதே வகைகள் ரத்தத்தில் பரவி ஆளைச் சாய்க்கிற நோய் 75 சதவீதம் குறைந்தது. இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மனசு ஒத்துக்கொண்டது. மாமியாருக்கு அந்தத் தடவை ஐந்து நாளில் சரியாகிவிட்டது. இப்போது வருசா வருசம் ஐப்பசி மழைக்கு முன்னாடியே ஃப்ளூ ஊசியும் போடுகிறோம். ஃப்ளூ வந்து நெஞ்சு பலவீனமான பிறகுதான் சில பேருக்கு நிமோனியா ஒட்டுது என்று நான் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

பொள்ளாச்சி நர்ஸ்:

நிறைய பேர் எங்களிடம் வந்து பெரியவங்களுக்கு இலவசமாகப் போடுவீங்களா என்று கேட்கிறார்கள். குழந்தைகளுக்குத்தான் அரசு அட்டவணையில் இருக்கிறது: 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம். 2021ல் நாடு முழுக்க வந்துவிட்டது. பெரியவர்கள் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. பேரனுக்கு மூன்று தவணையும் விடாமல் போடுங்க, குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் இருந்துதான் இந்தக் கிருமி வீட்டுப் பெரியவர்களுக்கு நிறையப் பரவுகிறது. சர்க்கரை, இருதயம், கிட்னி, நுரையீரல் தொந்தரவு இருந்தால் 65 வயது வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்க. இன்னொன்று, மருந்துக் கடையில் ஊசியை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் பஸ் ஏறி வராதீங்க, 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது.

காங்கேயத்துப் பையன்:

அம்மிச்சிக்கு ஃப்ளூ ஊசியும் இதுவும் ஒரே நாளில் போடலாமா? கூட்டிப் போவதே பெரும்பாடு, இரண்டு தடவை வராது.

பொள்ளாச்சி நர்ஸ்:

போடலாம் தம்பி, ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று. அன்றைக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்கணும். முன்னாடி ஊசி ஏதாவது ஒத்துக்காமல் போயிருந்தால் அதைச் சொல்லிடுங்க.

கோபி தோட்டத்துக்காரன்:

இதைப் படித்துக் காட்டியதும் அப்பாரு கேட்டார், "எனக்கு வந்து போச்சே, இனி எனக்கு வேண்டாமா?" வந்து போனாலும் போடணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வர்ற திங்கட்கிழமை ஈரோடு போகிறோம்.