பெரிய தாத்தா நேதாஜியின் ஜெர்மன் படையில் இருந்தாரா?

மயூர்விஹார்_செல்வி:
வணக்கம். பிறந்து வளர்ந்தது டெல்லி, பூர்வீகம் வேலூர் பக்கம். அம்மாவின் பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்தவர். 1942ல் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டு, சண்டை முடிந்துதான் ஊருக்கு வந்தார். அதைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். "நேதாஜி படையில் ஜெர்மனியில் இருந்தவர்" என்பது வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. ஜனவரி 23க்கு எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் நேதாஜி விழா. மேடையில் பேச அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

செங்கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். என் கண்ணில் பட்டதெல்லாம் சிங்கப்பூர், பர்மா, இம்பால்தான். ஜெர்மனியில் தனியாக ஒரு படை இருந்ததா? ஹிட்லர் படையில் விரும்பிச் சேர்ந்தவர் என்றால் அதை மேடையில் சொல்லலாமா?

கையில் இருப்பது ஒரு போட்டோ. பனியில் நான்கு பேர், கனத்த கோட்டு, கையில் சின்னம் எதுவும் இல்லை. பின்னால் பென்சிலில் 'எபினால்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அப்புறம் ஓடாத ஒரு சுவிஸ் கைக்கடிகாரம்.

கரோல்பாக்_கணேசன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெருமையாகச் சொல்லுங்கள்! ஜெர்மனிக்கும் நமக்கும் பழைய உறவு. நம்ம செண்பகராமன் பிள்ளை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலில் வந்து மெட்ராஸில் குண்டு போட்டவர் ஆயிற்றே.

ஆர்கேபுரம்_கிழவன்:
கணேசன் சார், எம்டன் மெட்ராஸைச் சுட்டது 1914 செப்டம்பர் 22. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் அவர் வந்தார் என்பது நம்மவர்கள் ஆசையாகச் சேர்த்துக்கொண்ட கதை. அதை விடுங்கள்.

செல்வி அம்மா, தனிப் படை இருந்தது உண்மை, 'இந்திய லீஜன்' என்பார்கள். நேதாஜி 1941 ஏப்ரலில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரொம்மல் பிடித்த இந்தியச் சிப்பாய்களை அன்னாபுர்க் முகாமில் சேர்த்து வைத்திருந்தார்கள். அவர் நேரில் போய்ப் பேசி ஆள் சேர்த்தார். டிரெஸ்டன் அருகே கோனிக்ஸ்ப்ரூக்கில் பயிற்சி. உச்சத்தில் சுமார் 2,600 பேர். பஞ்சாபி, பட்டாணி, மராட்டியர் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே கம்பெனியில் கலந்து வைத்தார்கள். பிரிட்டிஷ் படையில் அப்படிக் கிடையாது. எனக்கு அந்தப் படையில் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

உறுதிமொழி ஹிட்லர் பெயரில், ஆனால் 'போஸ் தலைமையில் இந்திய விடுதலைக்காக' என்று சேர்த்து. காக்கசஸ் வழியாக ஜெர்மன் படையோடு இந்தியாவுக்குள் நுழைவது கனவு. ரஷ்யாவில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மனி தோற்றதோடு அது போயிற்று. 1943 பிப்ரவரியில் நேதாஜி கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறிக் கிழக்கே போய்விட்டார், கூட அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன் மட்டும். சிப்பாய்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. நம்பிச் சேர்ந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்களை ஹாலந்துக்கு அனுப்பினார்கள், பிறகு பிரான்ஸில் போர்தோ பக்கம் லகானோ கடற்கரையில் காவல். 1944 ஆகஸ்டில் படையை அப்படியே நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ்.ஸின் கீழே மாற்றினார்கள். பிரான்ஸிலிருந்து பின்வாங்கும்போது கிராமங்களில் கொள்ளை, பெண்கள்மேல் வன்முறை என்று அவர்கள்மேல் குற்றச்சாட்டுகள் உண்டு. ஹிட்லருக்கே இவர்கள்மேல் மதிப்பில்லை. 1945 மார்ச்சில் கேலி பேசி, இவர்களுடைய துப்பாக்கியை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றான்.

விரும்பிச் சேர்ந்தவர்களா என்று கேட்டால், முள்வேலிக்குள் பசியோடு இருப்பவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. நேதாஜிக்காகவே போனவர்களும் உண்டு, வெளியே வந்தால் போதும் என்று போனவர்களும் உண்டு. ஆனால் பிடிபட்ட இந்தியர்களில் பெரும்பாலோர் சேரவே இல்லை. அவர்களைப் பற்றி யாரும் விழா எடுப்பதில்லை.

உங்கள் போட்டோவுக்கு வருகிறேன். லீஜன் ஆட்கள் மேல்கையில் மூவர்ணக் கேடயமும் பாயும் புலியும் வைத்திருப்பார்கள். உங்கள் தாத்தா கையில் இல்லை. அதைவிட முக்கியம் எபினால். கிழக்குப் பிரான்ஸில் இருக்கும் அந்த ஊரில்தான் இந்தியப் போர்க்கைதிகளுக்குப் பெரிய முகாம் இருந்தது. 1944 மே 11 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு முகாம் சுவர் உடைந்தது. கைதிகள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். ஏறக்குறைய 500 பேர் காடும் மலையுமாக நடந்து சுவிட்சர்லாந்து எல்லையைத் தாண்டினார்கள். வழியில் பிரெஞ்சு கிராமத்து ஜனங்கள் சோறு போட்டு ஒளித்து வைத்தார்கள்.

கைக்கடிகாரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறதா? ஆனால் கடிகாரத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1945ல் லீஜன் ஆட்களும் சுவிட்சர்லாந்து பக்கம்தான் தப்பப் பார்த்தார்கள்.

மயூர்விஹார்_செல்வி:
ரொம்ப நன்றி ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நேதாஜி படை இல்லையா, வெறும் கைதியா?" என்கிறார். சுவர் உடைந்து மலை தாண்டினார் என்றதும் கொஞ்சம் சமாதானம். எப்படி உறுதி செய்வது?

ஆர்கேபுரம்_கிழவன்:
'வெறும்' கைதியா? அம்மாவிடம் சொல்லுங்கள், நேதாஜியே கேட்டும் வரவில்லை என்றால் அதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். எது காரணமோ, அவர்தான் சொல்லவில்லையே.

முதலில் டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஊர்ப் பெட்டியில், பத்திரங்களுக்கு நடுவே இருக்கும். அதில் ராணுவ எண் கிடைத்தால் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். ஜெனீவா செஞ்சிலுவைக் காப்பகத்தில் போர்க்கைதி அட்டைகள் இருக்கின்றன, குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். ஆனால் வருடத்தில் சில நாட்கள்தான் விண்ணப்பம் வாங்குவார்கள், ஜனவரி 23க்குள் பதில் வராது. நம்ம ஜன்பத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கோப்புகள் உண்டு, ஆதார் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள்.

விழாவில் லீஜன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கத்தில் யாராவது ஒரு ரிட்டையர்டு கர்னல் உட்கார்ந்திருப்பார்.