பீட்டில் பாடியில கிளியர் வெள்ளையாப் பூத்துடுச்சு: உரிக்கணுமா, காப்பாத்தலாமா?

குட்டிச்சக்கரம்:

வணக்கம். வண்டி நிஜக் கார் இல்ல, டமியா கம்பெனியோட 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்: ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டில், 1966 மாடல். பாடிக்கு க்ரே பிரைமர், மேல டமியாவோட லாக்கர் ஸ்ப்ரே வரிசையான டிஎஸ்ல டிஎஸ்-14 கறுப்பு மூணு கோட், ரெண்டு நாள் கழிச்சு டிஎஸ்-13 கிளியர் (நிறமில்லாத பளபளப்புக் கோட்). எல்லாமே ஸ்ப்ரே கேன்தான், ஏர்பிரஷ் கிடையாது. கிளியர் அடிச்சது சென்னையில, மழை விட்ட ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில. அதுவரைக்கும் பாடி ஏசி ரூம்ல இருந்துச்சு.

இப்போ நிலவரம்: கூரையும் பானெட்டும் பால் தெளிச்ச மாதிரி மங்கலா இருக்கு. ரெண்டு கதவு மேலயும் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப்புள்ளியா மேடுபள்ளம். அதைச் சமப்படுத்த 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டதுல, முன் மட்கார்டு விளிம்புல ரெண்டு இடத்துல பிரைமர் எட்டிப்பாக்குது.

மொத்தத்தையும் உரிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கிறதா, இதையே காப்பாத்த முடியுமா? ஹார்டுவேர் கடையில கிடைக்கிற கிளியர் ஸ்ப்ரேயை மேல ஒரு கோட் அடிச்சா சரியாகுமா?

பட்டி_பாண்டி:

தம்பி, உரிக்க வேண்டாம். அந்த 1000 பேப்பரை மட்டும் கீழ வைங்க. அது பிரைமரைத் தேய்க்கிற பேப்பர், கிளியர் பக்கமே வரக்கூடாது.

முதல்ல அந்த வெள்ளை. கையில ஸ்பிரிட் தடவினா ஜில்லுன்னு இருக்குல்ல, லாக்கர்ல இருக்கிற தின்னர் ஆவியாகும்போதும் அதேதான் நடக்குது. பாடியோட சூட்டை உறிஞ்சிட்டுப் போகும். சுத்தி ஈரக்காத்து இருந்தா, குளிர்ந்த பெயிண்ட் மேல தண்ணி கோத்துக்கும், அந்த நுண்துளி படலத்துக்குள்ள மாட்டிக்கும். உங்க விஷயத்துல ஏசி வேற சேர்ந்துடுச்சு. வெளியில 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா, 26 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பொருள் மேலயும் பனி படியும். ஏசி 24ல ஓடியிருந்தா, நீங்க பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே பாடி நனைஞ்சிருக்கு. கறுப்புல பளிச்சுனு தெரியுது, வெள்ளை வண்டியா இருந்தா கவனிச்சிருக்கவே மாட்டீங்க.

வேலை வரிசை இப்படி:

ஒரு வாரம் பாடியைத் தொடாதீங்க. தூசி படாம மூடி, வெளிக்காத்து இருக்கிற அறையிலயே வைங்க.

அப்புறம் கதவு. 2000 வாட்டர் பேப்பர், கிண்ணத்துல தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு. பேப்பரை அரை மணி நேரம் ஊறவிட்டு, சின்னதா வெட்டின அழிரப்பர் துண்டுல சுத்தித் தேய்க்கணும். விரலால நேரா அழுத்தினா விரல் படுற இடம் பள்ளமாகும். வழிஞ்சு வர்ற தண்ணியைப் பாத்துக்கிட்டே இருங்க. பால் மாதிரி வந்தா கிளியர் மட்டும் தேயுது, நல்லது. சாம்பலாவோ கறுப்பாவோ மாறிச்சுன்னா கிளியர் முடிஞ்சு நிறத்துக்குள்ள இறங்கிட்டீங்க, அந்த இடத்துல அதோட நிறுத்துங்க. ஆரஞ்சுத் தோல் முழுசாப் போகணும்னு இல்ல, மேட்டோட தலை மட்டும் போனாப் போதும். மேல வர்ற புதுக் கோட் மிச்சத்தை நிரப்பிடும்.

விளிம்பு பக்கமே பேப்பர் போகக்கூடாது. பெயிண்ட் நீர்மமா இருக்கும்போது கூர்மையான இடத்துல இருந்து இழுத்துக்கிட்டு ஓடும், அதனால அங்க படலம் எப்பவும் மெலிசு. மட்கார்டு ஓரம், கதவு இடுக்கோட ரெண்டு பக்கம், பானெட் நடுக்கோடு எல்லாத்துக்கும் 1 மில்லிமீட்டர் டேப் ஒட்டிட்டுத் தேய்ங்க.

க்ரே தெரியுற ரெண்டு இடத்துக்கும் டிஎஸ்-14ஐ 25 சென்டிமீட்டர் தள்ளி நின்னு, தூவுற மாதிரி மூணு வீச்சு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 10 நிமிஷம். சுத்தி மாவு தூவின மாதிரி சொரசொரப்பா இருக்கும், பயப்படாதீங்க. டிஎஸ் வகை ஒண்ணை ஒண்ணு கரைச்சு ஒட்டிக்கும், மேல கிளியர் வந்ததும் கலந்துடும். 2 மணி நேரம் விட்டுட்டு அதே நாள்ல கிளியர்: தூவலா ரெண்டு கோட், 15 நிமிஷ இடைவெளி, அப்புறம் நனையுற மாதிரி ரெண்டு கோட், 30 நிமிஷ இடைவெளி. இது வெயில் நாள்ல, பகல் 12ல இருந்து 4க்குள்ள, ஈரப்பதம் 65க்குக் கீழ இருந்தா மட்டும். புதுத் தின்னர் பழைய படலத்தை இளக்கும், மாட்டியிருந்த ஈரம் வெளிய போகும், வெள்ளை தானா மறையும். முதல் நனைவுக் கோட்லயே வித்தியாசம் தெரியும். ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி வெச்சுக்கங்க, ஒரு ஸ்ப்ரே கேன் விலைகூட ஆகாது.

கரைப்பான்:

பட்டி_பாண்டி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து ஒன்றே ஒன்று. கூரையில் படிந்த வெள்ளை கனமாக இருந்தால், நேராக மேலே கிளியர் அடிப்பதைவிட, அங்கும் முதலில் 2000 தாளால் மேல்தோலை மெலிதாக எடுத்துவிடுவது நல்லது. ஈரம் மாட்டியிருப்பது பெரும்பாலும் கடைசிக் கோட்டில்தான். தேய்த்த இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நனைந்ததும் ஆழமான கறுப்பு தெரிந்தால் பிரச்சினை மேலே மட்டும் இருந்தது என்று பொருள். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் பட்டி_பாண்டியின் வழிதான்.

அடுத்து ஆரஞ்சுத் தோலின் காரணம். எல்லோரும் "தூரமாக அடித்துவிட்டாய்" என்பார்கள். அது பாதிதான். கேனுக்குள் இருப்பது நீர்மமாக்கிய வாயு. அது ஆவியாகி வெளியேறும்போது கேன் குளிர்கிறது, அழுத்தம் குறைகிறது, துளி பெரிதாகிறது. இரண்டு கதவையும் தொடர்ந்து அடித்து முடிக்கையில் கேனைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அடிப்பதற்கு முன் கேனை 35 முதல் 40 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். அதற்கு மேல் சூடு கூடவே கூடாது, கொதிநீரும் அடுப்பும் கேனை வெடிக்க வைக்கும். எடுத்ததும் கேனை நன்றாகத் துடையுங்கள், அடிவிளிம்பில் நிற்கும் தண்ணீர் சரியாகக் கூரை மேல்தான் சொட்டும். தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். பட்டனைப் பாடிக்கு வெளியே அழுத்தி, பாடியைக் கடந்து, வெளியே போய் விடுங்கள்.

ஹார்டுவேர் கடைக் கிளியர்: வேண்டாம். அதில் உள்ள கரைப்பான் உலோகத்துக்கும் மரத்துக்கும் ஏற்றபடி காரமாக இருக்கும். கீழே உள்ள கோட்டைச் சுருட்டும், பிரைமர் தேய்ந்த இடத்தில் பாடியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே அரித்து மயிரிழை வெடிப்பு விடும். எந்தப் புது ஸ்ப்ரேயானாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் இதே வரிசையில் பிரைமர், கறுப்பு, கிளியர் என்று அடித்துப் பாருங்கள். வளைத்தால் படக்கென்று முறிகிற ஸ்பூன்தான் பாலிஸ்டைரீன். வளைந்து கொடுக்கிற ரகம் பாலிப்ரொப்பிலீன், அதில் சோதித்துப் பயனில்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான) தின்னரைப் பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டமியாவிலேயே பிஎஸ் வரிசை என்று ஒன்று உண்டு. அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் கூடுக்கானது. கேனில் எழுத்து ஒன்றுதான் மாறும், பாடி பாழாகிவிடும்.

உரிக்கத்தான் வேண்டும் என்றால்: 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ்காரர்கள் வாங்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், சென்னையில் ரிச்சி தெருவில் கேளுங்கள். மூடியுள்ள டப்பாவில் பாடி முழுக மூழ்கும்படி ஊற்றி, 12 முதல் 24 மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். பிரைமர் பெரும்பாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். சமமாக இருந்தால் அதை விட்டுவிடலாம். நெருப்புக்கு அருகில் வேண்டாம், சன்னல் திறந்திருக்கட்டும். ஸ்ப்ரே அடிக்கும்போது துணி மாஸ்க் தூசியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி தேவை.

குட்டிச்சக்கரம்:

ரொம்ப நன்றி. கூரையில ஒரு ஓரமா 2000 போட்டுத் தண்ணி விட்டுப் பாத்தேன், கறுப்பு நல்லா ஆழமாத் தெரியுது. அப்போ மேல்கோட்தான். இன்னும் மூணு கேள்வி. புது கிளியர் அடிச்சப்புறம் பாலிஷ் எப்போ, எதுல? ஹேர் டிரையர் வெச்சுச் சீக்கிரம் காய வைக்கலாமா? பீட்டிலுக்கு இடுப்புல ஓடுற குரோம் பட்டையை எப்படிப் பண்றது, வெள்ளி பெயிண்ட் அடிச்சா பொம்மை மாதிரி இருக்கு.

பட்டி_பாண்டி:

ஹேர் டிரையர் தொடாதீங்க. மேல்தோல் காஞ்சு மூடிக்கும், அடியில தின்னர் மாட்டிக்கும், கொஞ்ச நாள்ல ஊசி குத்தின மாதிரி துளை தெரியும். மெலிசான கூரைத் தூண் வளைஞ்சும் போகும்.

எப்போ பாலிஷ்னு நாள் கணக்கை விட மூக்கைக் கேளுங்க. பாடியை ஒரு டப்பாவுல போட்டு ராத்திரி மூடி வைங்க, காலையில திறந்ததும் தின்னர் வாடை வந்தா இன்னும் காயல. நம்ம ஊர் மழைக்காலத்துல ரெண்டு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு தேய்ச்சா அன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். படலம் இன்னும் சுருங்குமே, அப்போ ஒரு மாசத்துல பழைய பேப்பர் கோடு எல்லாம் திரும்ப மேல வந்து நிக்கும்.

தேய்க்கிறது: 2000 லேசா, அப்புறம் 3000, அப்புறம் டமியா காம்பவுண்ட் (பாலிஷ் பசை) மூணு டியூப், கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பழைய பனியன் துணி. ஒரு துணியை ரெண்டுக்குப் பயன்படுத்தினா முன்னாடி போட்ட பெரிய துகள் பின்னாடி கோடு போடும். உளுந்தளவு காம்பவுண்ட் ஒரு கதவுக்குப் போதும். சூடு ஏறாம மெதுவா. ஒரே இடத்துல வேகமாத் தேய்ச்சா லாக்கர் இளகித் துணி நூலோட ஒட்டிக்கும். 3000 முடிச்சு, டியூப்புக்குப் போறதுக்கு முன்னாடி டியூப்லைட் பிரதிபலிப்பைப் பாடியில பாருங்க. மங்கலா இருந்தாலும் கோடு நேரா இருக்கணும். நெளிஞ்சா ஆரஞ்சுத் தோல் இன்னும் இருக்கு, காம்பவுண்ட் அதைத் தீர்க்காது, பளபளப்பான ஆரஞ்சுத் தோலாத்தான் ஆக்கும்.

கதவு இடுக்குல காம்பவுண்ட் காஞ்சு வெள்ளைக் கோடாத் தெரியும், கறுப்பு வண்டிக்கு அது அசிங்கம். சோப்புத் தண்ணி, மென்மையான டூத்பிரஷ். நிஜக் காருக்குப் போடுற மெழுகு பாலிஷ் எல்லா வேலையும் முடியுற வரைக்கும் வேண்டாம். பலதுல சிலிக்கான் இருக்கும். அப்புறம் ஒரு இடத்துல கிளியர் திருத்தணும்னா பெயிண்ட் ஒட்டாம மீன்கண்ணு மாதிரி வட்டவட்டமா விலகும்.

ஒற்றைப்பிளேடு:

குரோம் பட்டைக்கு பேர்-மெட்டல் ஃபாயில், அதாவது பின்னாடி பசை இருக்கிற மெல்லிய உலோகத் தாள். பெயிண்ட், கிளியர், பாலிஷ் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஒட்டணும். மேல கிளியர் அடிச்சா பளபளப்பு கொஞ்சம் குறையலாம். மோலோட்டோ குரோம் பேனா (குரோம் மை ஊத்தின மார்க்கர்) மேல கிளியர் அடிச்சா வெறும் சாம்பல் வெள்ளியாயிடும். அதுக்கு விரல் பட்டாலும் மங்கும், அதனால பீட்டில் மாதிரி கையில தூக்கிப் பாக்கிற வண்டிக்கு நீளப் பட்டையில பேனா வேண்டாம். விளக்கு வளையம் மாதிரி சின்ன இடத்துக்குப் பேனா சரி.

ஃபாயிலைத் தாள்லயே வெச்சு, பட்டையோட அகலத்தைவிட ரெண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் கூடுதலா வெட்டுங்க. ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு. நுனியைக் கத்தி முனையால தூக்கி, டேப் துண்டுல பிடிச்சு உரிங்க. இழுக்காம, சும்மா மேல படுக்கவிடுங்க. இழுத்தா கிழியும், இல்லாட்டி ஒட்டினப்புறம் சுருங்கி ஓரம் தூக்கும். காட்டன் பட்ஸால நடுவுல இருந்து வெளிய, அப்புறம் பல்குச்சியோட மழுங்கின முனையால பட்டையோட ரெண்டு அடியோரமும். ஓரம் பளிச்சுனு ஒரு கோடாத் தெரியுற வரைக்கும் அமுக்கணும், அந்தக் கோடுதான் பிளேடுக்கு வழி.

வெட்டுறதுல ஒரே ரகசியம் எடை. கத்தி தன் எடையில மட்டும் போகணும். அழுத்தினா ஃபாயிலோட சேர்த்து கிளியரும் கீறும், கறுப்புல அது முடி மாதிரி தெரியும். 11 நம்பர் பிளேடு நாலு வெட்டுக்கு ஒண்ணு மாத்துங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணினா மழுங்கின முனை வெட்டாது, ஃபாயிலைச் சுருட்டி இழுக்கும். ஓரத்தை உரிச்சதும் பாடியில ஒட்டுற பசை இருந்தா சிகரெட் லைட்டருக்கு ஊத்துற ஃப்ளூயிட் தொட்ட காட்டன் பட்ஸ், ஒரே துடைப்பு. நல்லாக் காஞ்ச டிஎஸ்ஸை அது ஒண்ணும் செய்யாது.

பட்டை பாடியோட முழு நீளம் ஓடுறதால ஒரே துண்டா ஒட்டப் பாக்காதீங்க. கதவு இடுக்குல நிஜ வண்டியிலயே பட்டை துண்டாகும். அங்கங்க முடிச்சா ஒட்டவும் சுலபம், பாக்கவும் சரியா இருக்கும்.

பாலிஷ் முடிஞ்சதும் அடுத்து கண்ணாடி மாட்டுவீங்க, இப்பவே சொல்லிடறேன். சூப்பர் குளூ கிட்டயே போகாதீங்க, அதோட ஆவி கண்ணாடி உள்பக்கமும் உங்க புதுக் கறுப்பு மேலயும் படிஞ்சு மறுபடியும் வெள்ளையாப் பூக்கும், அதுக்கு எந்த வெயிலும் உதவாது. ஃபெவிக்கால், பல்குச்சி முனையில நாலு புள்ளி, ராத்திரி முழுக்க டேப் போட்டுப் பிடிச்சு வைங்க. வழிஞ்சதை ஈரத்துணியால அப்பவே துடைச்சுடலாம்.