குழந்தைக்குக் கரப்பான்: ஸ்டீராய்டு கிரீம் எவ்வளவு, எத்தனை நாள்?

மயூர்விஹார்_அம்மா:
பையனுக்கு 4 வயது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் சிவந்து சொரசொரவென்று இருக்கிறது. டெல்லிக் குளிர் தொடங்கினால் அதிகமாகிறது. ராத்திரி முழுக்கச் சொறிகிறான், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. டாக்டர் அடோபிக் டெர்மடைடிஸ், அதாவது கரப்பான் என்று சொல்லி மாய்ஸ்சரைசரும் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு கிரீமும் எழுதினார். மூன்று நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஸ்டீராய்டு என்பதால் பயந்து பயந்து தொட்டு வைக்கிறோம். முட்டை, கத்தரிக்காய், கருவாடு எல்லாம் கரப்பான் பண்டம், நிறுத்து என்கிறார் மாமியார்.

தோல்_பிரிவு:
அம்மா, மூன்று நாளில் நிறுத்துவதுதான் சிக்கல். சிவப்பு முதலில் போய்விடும், உள்ளே அழற்சி மிச்சமிருக்கும். கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் போகும்வரை தினம் ஒருவேளை போட வேண்டும். பொதுவாக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும்.

அளவு: பெரியவர் ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது சரியாக இருக்கும். இந்த வயதில் ஒரு கை முழுக்கப் பாதித்திருந்தால் அப்படி 2, ஒரு கால் முழுக்க என்றால் 3. பொட்டு வைப்பது மாதிரி வைத்தால் மருந்து வேலை செய்யாது, பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். பயப்பட வேண்டியது அந்த இழுபறிக்குத்தான்.

கழுத்து, முகம், தொடையிடுக்கில் தோல் மெல்லியது. அங்கே மிதமான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1% அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும், அதற்காக விட்டுவிட வேண்டாம். அடிக்கடி திரும்பினால், அடங்கிய பிறகும் அதே இடங்களில் வாரம் இரண்டு நாள் போடும் முறை உண்டு. அதையும் டாக்டர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

ஆர்கேபுரம்_நர்ஸ்:
மாய்ஸ்சரைசரைப் பற்றி யாரும் கணக்குச் சொல்வதில்லை. உடம்பு முழுக்க வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராம் வரை செலவாகும். 100 கிராம் ட்யூப் ஒரு மாதம் வந்தால் பத்தவில்லை என்று அர்த்தம். வாசனை இல்லாத பெரிய டப்பாவாக வாங்குங்கள், உள்ளே கை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள்.

கீஸர் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது. 5 முதல் 10 நிமிடக் குளியல், பிறகு ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். ஸ்டீராய்டுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி. கடலை மாவு தேய்ப்பு, கடுகெண்ணெய் மாலிஷ் இரண்டும் வேண்டாம். இங்கே எல்லாரும் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு நகருங்கள்! ஸ்வெட்டருக்குள் முழுக்கைப் பருத்திச் சட்டை. ப்ளோயர் ஹீட்டர் காற்று நேரே படக் கூடாது. பாராஃபின் கலந்த கிரீம் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, மத்தாப்பு பக்கம் கவனம்.

உணவு_ஒவ்வாமை:
கத்தரிக்காய்ப் பத்தியம் தேவையில்லை. முட்டை தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால்தான் ஒவ்வாமைச் சந்தேகம். ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் நிறுத்தக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டு வந்த பண்டத்தை மாதக்கணக்கில் விலக்கினால், மறுபடி கொடுக்கும்போது நிஜமான ஒவ்வாமையே வரலாம். மாமியாரிடம் ‘டாக்டர் சொன்னார்’ என்று சொல்லிவிடுங்கள், சண்டை மிச்சம்.

மயூர்விஹார்_அம்மா:
நன்றி. மெடிக்கல் ஷாப்பில் மூன்று மருந்து கலந்த ட்யூப் ஒன்று தந்தார்கள், ‘எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று. போடலாமா?

தோல்_பிரிவு:
வேண்டாம். அதில் பெரும்பாலும் க்ளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும், கூடவே தேவையில்லாத பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும். குழந்தையின் மடிப்புகளில் தோல் மெலிந்து வரி விழும்.

மஞ்சள் பொருக்கும் நீர்க்கசிவும் தெரிந்தால் கிருமித்தொற்று, டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே அளவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், குழி விழுந்த புண்கள், வலி, காய்ச்சல் என்றால் ஹெர்ப்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டும், ராத்திரியானாலும்.