நாலு கம்பி, நாலாயிரம் ரூபாய்

குழு: அம்மாச்சி வீடு

வியாழன் இரவு

சுமதி: யாழினி உகுலேலே என்கிற நாலு கம்பி வாத்தியம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆண்டு விழாவில் மேல் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்ததைப் பார்த்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாலாயிரத்துக்குள் முடி என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கௌதம், நீ வாசிப்பாயே, இதைப் பார்த்துச் சொல்லுப்பா.

சுமதி: [படம்] ரோஸ் கலர், 21 அங்குலம். பை, பெல்ட், பிக், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 12 பொருள், ரூ. 1,799.

முருகேசன்: இது என்னம்மா, கிடார் குட்டி போட்டது மாதிரி இருக்கிறது?

முருகேசன்: பேசாமல் கீபோர்டு வாங்கிக் கொடு. ஆயுசுக்கும் உதவும்.

சுமதி: கீபோர்டு ஏற்கனவே இருக்கிறது அண்ணே. இப்போது அதன் மேல்தான் இஸ்திரித் துணியை அடுக்கி வைக்கிறோம்.

பாண்டி: 😂

கலா: சுமதி, அவசரப்பட்டு ஆர்டர் போட்டுவிடாதே. கௌதம் ஷிப்ட் முடிந்து வரட்டும்.

கௌதம்: வந்துவிட்டேன். சித்தி, அந்த செட்டை விட்டுவிடுங்கள். 11 பொருளைத் துணைக்குச் சேர்த்து இந்த விலைக்குக் கொடுக்கிறான் என்றால் வாத்தியத்துக்கு என்ன செலவு செய்திருப்பான்?

கௌதம்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் இருக்கும் முறுக்காணி பின்பக்கமாக நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. பல்சக்கரம் கிடையாது, வெறும் உராய்வில் நிற்கிற வகை. உயர்ந்த ரகத்தில் அது நன்றாகவே இருக்கும். இந்த விலையில் வருவது நிற்காது. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். பிள்ளை தனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டு மூலையில் வைத்துவிடுவாள்.

கலா: நம் வீணைப் பிருடை மாதிரியா?

கௌதம்: அதேதான் அம்மா. உள்ளே அழுத்தித் திருகி நிறுத்த வேண்டும். 10 வயதுப் பிள்ளைக்கு அந்த வேலை வேண்டாம். ஆணிக்குப் பக்கவாட்டில் சின்னப் பல்சக்கரம் வைத்த மாடலாகப் பாருங்கள்.

சுமதி: அளவு? 21, 23, 26 என்று போட்டிருக்கிறார்கள். பெரியது என்றால் நல்லதா?

கௌதம்: அப்படி இல்லை சித்தி. 21 அங்குலம் சோப்ரானோ, 23 கான்சர்ட், 26 டெனர். மூன்றுக்கும் ஒரே சுருதி, விரல் வைக்கிற இடமும் ஒன்றுதான். 30 அங்குலத்தில் பாரிடோன் என்று ஒன்று காட்டுவார்கள், அதை மட்டும் தொடாதீர்கள். அதன் சுருதியே வேறு, இணையத்தில் பார்த்துப் படிக்கிற பாடம் எதுவும் ஒத்துவராது.

கௌதம்: யாழினிக்கு 23. சோப்ரானோவில் அதிர்கிற கம்பியின் நீளம் சுமார் 13 அங்குலம்தான், ஃப்ரெட்டுகள், அதாவது வீணையின் மெட்டு மாதிரி கழுத்தில் குறுக்கே இருப்பவை, நெருக்கமாக இருக்கும். கான்சர்ட்டில் 15. அவள் கை தாராளமாக எட்டும், வளர்ந்த பிறகும் மாற்ற வேண்டாம். ஆறேழு வயதுப் பிள்ளை என்றால் 21 சொல்லியிருப்பேன். அப்புறம் நீங்களும் எடுத்து வாசிக்கத்தான் போகிறீர்கள்.

சுமதி: நானா! எனக்கு எங்கே நேரம்?

பாண்டி: கல்யாணத்துக்கு முன்னால் வானொலியோடு சேர்ந்து பாடியே எங்களைத் தூங்கவிடாத ஆள்தானே நீ.

முருகேசன்: எந்த ஊர்ச் சாமான் இது? சீனாவா?

கௌதம்: தயாரிப்பது பெரும்பாலும் சீனாவில்தான் பெரிய மாமா. பிறந்தது ஹவாய்த் தீவுகளில். 1879-இல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்டத்து வேலைக்கு ஒரு கப்பல் நிறைய ஆட்கள் ஹொனலுலு போய் இறங்கினார்கள். கூடவே தங்கள் ஊர்ச் சின்னக் கிடாரையும் கொண்டுபோனார்கள். அதில் தச்சு வேலை தெரிந்த மூன்று பேர் அங்கேயே அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து விற்றதுதான் இது.

முருகேசன்: பஞ்சம் பிழைக்கப் போன ஜனமா! நம் ஆட்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனபோது பறையைக் கொண்டுபோனது மாதிரி. சரி சரி, அப்படியென்றால் வாங்கிக் கொடு.

முருகேசன்: குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு வருகிறேன்.

வெள்ளி

பாண்டி: அம்மா கேட்கச் சொன்னது: "பிள்ளை ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே, இதற்கு எதற்கு ராத்திரி முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கிறது?"

சுமதி: அம்மா போனை சைலண்டில் போடு தம்பி.

சுமதி: கௌதம், கம்பெனி ஏதாவது சொல். அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க முடியும்.

கௌதம்: நம் பட்ஜெட்டில் கேடன்ஸ், வால்ட், வாரெஸ் இந்த மூன்றும் பரவலாகக் கிடைக்கும். ஒரே கம்பெனியிலேயே ஒன்று நன்றாக வரும், அடுத்தது சுமாராக வரும், அதனால் பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. கொஞ்சம் மேலே போனால் கலா என்று ஓர் அமெரிக்க கம்பெனி. அதில் கேஏ-15 வரிசையைத்தான் புதிதாகப் படிப்பவர்களுக்குப் பலரும் சொல்வார்கள். ஆனால் பட்ஜெட் தாண்டிவிடும்.

பாண்டி: கலாக்கா, ராயல்டி கேளுங்கள்.

கலா: முதலில் நீ வாங்கிப்போன குக்கரைத் திருப்பிக் கொடு.

சுமதி: மரம்? மஹாகனி, சபேலி என்றெல்லாம் எழுதியிருக்கிறதே.

கௌதம்: நாலாயிரத்துக்குள் எது வாங்கினாலும் மெல்லிய தகடுகளை ஒட்டிய ப்ளைதான். மேலே என்ன மரம் என்பது பார்வைக்குத்தான். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். முழுப்பலகையில் செய்தது இன்னும் நன்றாக ஒலிக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் வெடிப்பு விடும். சித்திரை வெயிலுக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறிப் போகிற வீட்டில் ப்ளை நிம்மதி. எதுவாக இருந்தாலும் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போய்விடாதீர்கள். சூட்டில் பசை இளகி, கம்பியைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்துவிடும்.

கலா: அது உண்மை. மே மாதம் ஜன்னலோரம் வைத்து என் வீணையில் மெட்டுக்குக் கீழே இருக்கும் மெழுகே இளகிவிட்டது.

பாண்டி: பிளாஸ்டிக்கில்கூட வருகிறதாமே? வெயில், மழை எதற்கும் கவலை இல்லையாம்.

கௌதம்: வருகிறது மாமா. என்யா நோவா யு என்பது பாலிகார்பனேட்டில் செய்தது, நல்ல பொருள்தான். விலை நம் கணக்குக்குள் வராது. ஆம்பிளிஃபயரில் ஒயர் சொருகும் மாடலும் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணம் மரவேலைக்கும் ஆணிக்கும் போகட்டும்.

பாண்டி: கிடார் கம்பி மாட்டினால் சத்தம் கூடுமே. என்னிடம் ஒரு செட் சும்மா கிடக்கிறது.

கௌதம்: ஐயோ மாமா, வேண்டவே வேண்டாம். இது நைலான் கம்பிக்குச் செய்த உடம்பு. எஃகுக் கம்பியின் இழுவை தாங்காது, பாலம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிள்ளைக்கு விரல் வலிக்காமல் இருப்பதே நைலானால்தான்.

கலா: கௌதம், சுருதி என்ன சொன்னாய்? நாலு கம்பிக்கும் பெயர் சொல்.

கௌதம்: மேலிருந்து ஜி, சி, ஈ, ஏ. இதில் ஜி தடித்த கம்பி இல்லை அம்மா. சி, ஈ இரண்டையும்விட மேலே ஒலிக்கும். நாலில் தாழ்ந்தது சி தான்.

கலா: கொஞ்சம் இரு.

கலா: சி என்றால் ஒரு கட்டை. அதை ஷட்ஜமாக வைத்தால் ஈ அந்தர காந்தாரம், ஜி பஞ்சமம், ஏ சதுஸ்ருதி தைவதம். ச க ப த, நாலும் விரலே வைக்காமல் சும்மா மீட்டினாலே கிடைக்கிறது. ரிஷபம் மட்டும்தான் பாக்கி!

கௌதம்: சி கம்பியில் இரண்டாவது ஃப்ரெட். ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் வைத்தால் மேல் ஷட்ஜம்.

கலா: அப்படியென்றால் மோகன ராகம் முழுக்க இரண்டே இடத்தில் விரல் வைத்தால் வந்துவிடும். சுமதி, யாழினி போன வருஷம் என்னிடம் வரவீணா கீதம் கற்றாளே, அதை முதல் வாரமே இதில் வாசிக்கலாம். கமகம் வராது. வீணையில் கம்பியை இழுப்பது போல இதில் இழுக்க முடியாது. பரவாயில்லை.

சுமதி: அக்கா, அவளுக்கு இங்கிலீஷ் பாட்டு வாசிக்கத்தான் ஆசை.

கலா: அதையும் வாசிக்கட்டும். யார் வேண்டாம் என்றது?

கௌதம்: அதற்கும் சுலபம்தான் சித்தி. நாலு கம்பியையும் சேர்த்து மீட்டுவதைக் கார்டு என்பார்கள். சி கார்டுக்கு ஒரு விரல், ஏ மைனருக்கு ஒரு விரல், எஃப்புக்கு இரண்டு. ஜி-க்கு மட்டும் மூன்று விரல் வேண்டும், அதில்தான் கொஞ்சம் சிணுங்குவாள்.

முருகேசன்: துணைச் சாமான் என்னென்ன வேண்டும்? அதற்கு நான் பணம் தருகிறேன். தாய்மாமன் பங்கு.

கௌதம்: மூன்றே பொருள்தான் பெரிய மாமா. தலையில் கவ்விக்கொள்ளும் சுருதி மீட்டர், க்ளிப் ட்யூனர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதிர்வை நேரடியாக மரத்திலிருந்து எடுப்பதால் டிவி ஓடினாலும் காட்டும். போனில் இலவச ஆப் இருக்கிறது, ஆனால் சித்தி போனைப் பிள்ளை கையில் கொடுத்தால் சுருதி சேர்க்க மாட்டாள், வீடியோ பார்ப்பாள். அடுத்தது ஒரு செட் உபரிக் கம்பி. இத்தாலிக்கார அக்விலா கிடைத்தால் நல்லது. சுமாரான உகுலேலேகூட கம்பி மாற்றினால் நன்றாக ஒலிக்கும். மூன்றாவது, பஞ்சு வைத்த பை.

கௌதம்: பிக் வேண்டாம், விரலாலேயே மீட்டலாம். சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கேப்போவும் வேண்டாம். பெல்ட் பிறகு பார்க்கலாம், முதலில் உட்கார்ந்து பழகட்டும்.

முருகேசன்: பைக்கு எதற்குக் கடை? புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். ஸ்பாஞ்ச் வைத்து, உள்ளே வெல்வெட் போட்டுத் தைக்கச் சொல்கிறேன். சுங்குடித் துணியில் வேண்டுமா என்று பிள்ளையிடம் கேள்.

சுமதி: ஊதா என்கிறாள்.

கலா: நாளைக்குச் சனிக்கிழமை, நானும் கூட வருகிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பதினோரு மணிக்கு நில். கௌதம், கடையில் எதைச் சோதிக்க வேண்டும் என்று வரிசையாகப் போடு.

கௌதம்: வரிசையெல்லாம் வேண்டாம் அம்மா, உன் காதே போதும். ஒவ்வொரு கம்பியையும் சும்மா மீட்டு, பிறகு 12ஆவது ஃப்ரெட்டில் விரல் வைத்து மீட்டு. சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்க வேண்டும். பிசிறினால் அந்த வாத்தியம் வேண்டாம், எவ்வளவு சுருதி சேர்த்தாலும் மேலே போகப் போக அபஸ்வரம்தான். அந்த 12ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும் வேண்டாம். முதல் ஃப்ரெட்டை யாழினியே அழுத்திப் பார்க்கட்டும். அவள் முகம் சுளித்தால் தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் கட்டை உயரம் என்று அர்த்தம். அப்புறம் கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பார், ஃப்ரெட் நுனி கீறக் கூடாது.

சனி மதியம்

சுமதி: கடையில் இருக்கிறோம். கூட்டம். முதலில் எடுத்துக்காட்டியதை அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கலா: 12ஆவது மெட்டில் கால் சுரம் ஏறி நிற்கிறது. கடைக்காரர் "பிள்ளைக்குத்தானேம்மா" என்கிறார். பிள்ளைக்குத்தான் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன்.

பாண்டி: பாவம் கடைக்காரர்.

சுமதி: [படம்] இது மூன்றாவது. 23 அங்குலம், பல்சக்கர ஆணி. அக்காவுக்குப் பிடித்திருக்கிறது. ரூ. 3,600 சொல்லி 3,300-க்கு வந்தார். மெல்லிய பை ஒன்று சும்மா தருகிறார்.

கௌதம்: இடைவெளி?

கலா: ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூன்றுக்குக் கொஞ்சம் உள்ளேதான்.

கௌதம்: எடுத்துவிடுங்கள். ரோஸ் இல்லையே, அழவில்லையா?

சுமதி: மரக் கலர்தான் பெரியவர்கள் வைத்திருப்பது என்று அவளே கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுமதி: க்ளிப் ட்யூனர் ரூ. 350. மொத்தம் 3,650. கம்பி செட் இங்கே இல்லை.

கௌதம்: கம்பி ஆன்லைனில் நான் அனுப்புகிறேன் சித்தி.

சனி இரவு

சுமதி: கௌதம் அண்ணா நான் யாழினி. நான் எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் எல்லாக் கம்பியும் இறங்கிவிட்டது. உடைந்துபோச்சா?

கௌதம்: இல்லைடா தங்கம். புது நைலான் கம்பி இழுபட்டு இழுபட்டுத்தான் நிலைக்கும். ஒரு வாரம், பத்து நாள் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் சேர்த்துக்கொண்டே இரு. மீட்டரில் எழுத்து வருகிறதா?

சுமதி: வருகிறது. ஜி மட்டும் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது.

கௌதம்: ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் அழுத்தி மீட்டு. அந்தச் சத்தமும் ஜி கம்பிச் சத்தமும் ஒன்றாக இருந்தால் சரி. அதற்கு மேல் முறுக்காதே, அறுந்துவிடும்.

சுமதி: ஒன்றாகத்தான் இருக்கிறது!

முருகேசன்: சுமதி, திங்கட்கிழமை தையல்காரரிடம் போகிறேன். 23 அங்குலம் என்று சொன்னால் போதுமா?

கௌதம்: போதாது பெரிய மாமா. வயிற்றுப் பக்கத்தின் அகலம், தடிமன், தலையின் அகலம் மூன்றையும் டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். க்ளிப் ட்யூனர் வைக்க வெளியே ஒரு சின்ன ஜிப் பாக்கெட் வேண்டும்.

முருகேசன்: சரி. சுமதி, அளவை எழுதி இங்கேயே போடு. ஊதா ஜிப் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.