'பேச்சிழப்பு' போதுமா? லாண்டாவ்–கிளெஃப்னர் கையேட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களே,
பெற்றோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. லாண்டாவ், கிளெஃப்னர் என்ற இருவர் 1957இல் விவரித்த சிண்ட்ரோம் (நோய்க்குறித் தொகுப்பு) பற்றிய கையேடு இது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள், பேச்சு போய்விடுகிறது. 'வலிப்புசார் பேச்சிழப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
— மா.

> வலிப்புசார் பேச்சிழப்பு

இதைப் படித்தால் வாய் மட்டும் பேசவில்லை என்று தோன்றும் அக்கா. முதலில் போவது கேட்டுப் புரிந்துகொள்வது. என்னிடம் வந்த பையனிடம் 'பந்தை எடு' என்றால் என் முகத்தையே பார்ப்பான். பந்துப் படத்தைக் காட்டினால் ஓடிப்போய் எடுத்து வருவான். காதுக் கோளாறு என்று வீட்டில் அலைந்திருக்கிறார்கள். காதில் குறையே இல்லை. தூக்கத்தில் ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்த பிறகுதான் பிடிபட்டது. 'மொழியிழப்பு' என்று போடுங்கள்.
— செ.

மொழியிழப்பு என்பது புலம்பெயர்ந்தவர் பிள்ளைகள் தாய்மொழியை விடுவதற்கு வழங்கும் சொல். கிளவி என்றால் சொல்; தொல்காப்பியத்தில் கிளவியாக்கம் இருக்கிறதே, 'கிளவியிழப்பு' எனலாம். வலிப்பும் பொருந்தாது. வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம் அல்லவா? இந்நோயில் சில பிள்ளைகளுக்குக் கைகால் இழுப்பதே இல்லை, மூளையில் இயல்புக்கு மாறான மின்பொழிவு மட்டும்தான். வலிப்பு நோய்க்குப் பழஞ்சொல் முயலகன். கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு வந்த முயலகனைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் 'துணிவளர் திங்கள்' பதிகம் பாடித் தீர்த்தார். ஆகவே 'முயலகக் கிளவியிழப்பு'.
— கு.

ஐயா, கிளவியைக் கிழவி என்று வாசிக்கும் அம்மாக்களுக்குத்தான் இந்தக் கையேடு. முயலகன் வேண்டவே வேண்டாம். நடராசர் காலடியில் கிடக்கும் அசுரன் பெயரைப் பிள்ளையின் நோய்க்கு வைத்தால், பேய் ஓட்டத் தூக்கிக்கொண்டு போவார்கள். மருந்து தொடங்க வேண்டிய மாதங்கள் வீணாகும். எங்கள் பக்கம் 'இழுப்பு' என்றால் எல்லாருக்கும் புரியும்.
— செ.

இழுப்பு சில ஊர்களில் மூச்சிரைப்பையும் குறிக்கும், எனவே அது வேண்டாம். என் 'வலிப்புசார்' இருக்கட்டும், செ. சொன்ன 'மொழியிழப்பு' சேரட்டும்: 'வலிப்புசார் மொழியிழப்பு'. அதையே அனுப்புகிறேன். 'கண்ணுக்குத் தெரியும் வலிப்பு வராமலும் இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.
— மா.

அந்த வரி முதல் பக்கத்திலேயே வரட்டும். மொழியிழப்பில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அடுத்த பதிப்பில் மறுபடி எடுப்பேன்.
— கு.

அப்புறம் அக்கா, இடம் போதவில்லை என்று சைகைமொழிப் பக்கத்தை வெட்டிவிடாதீர்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் வழி அடைபட்ட பிள்ளைக்கு மொழி கண் வழியாகப் போய்ச் சேரும்.
— செ.